உழைச்செல்வான்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையிலே சமயப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இம்முறை வாலிபர் பிரிவினர் எமக்கு வேறொரு பொருளைத் தந்துவிட்டனர். "வைத்திய உதவியாளராவது எப்படி?" என்பது அவர்கள் கேட்ட கேள்வி. கேட்டவர்களின் முகங்களைப் பார்த்தபோது இது பொழுதுபோக்குக்குக் கேட்ட கேள்வியல்ல என்பது எமக்கு விளங்கிற்று. ஆகவே அலங்காரம் எதுவுமின்றி எமக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறோம்.

உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் தோற்றுகின்ற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வீட்டார் ஒரேயொரு கனவைத்தான் வைத்திருக்கிறார்கள். பெறுபேறு வந்து, இசட் புள்ளி சற்றே குறைந்து, மருத்துவ பீடம் கிடையாது என்று தெரிந்த அன்று அந்த வீட்டிலே அடுப்பு எரிவதில்லை. மூன்று பாடங்களிலும் சித்தியடைந்த பிள்ளையைப் பார்த்து "அவன் தவறிவிட்டான்" என்று சொல்லுகின்ற வழக்கம் எங்களிடம் இருக்கிறது. சில நாள் கழித்து அந்தப் பிள்ளை, "டாக்டராகாவிட்டாலும் டாக்டருக்குக் கிட்ட நிற்கிற வேலை ஏதும் உண்டோ?" என்று கேட்கிறது. அந்தக் கேள்வியில் தோற்றுப்போனவனுடைய குரல் கேட்கிறது. அந்தக் குரலுக்கே முதலில் மறுமொழி சொல்ல வேண்டும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளை நினைத்துப் பாருங்கள். வைத்தியத்தை வள்ளுவர் நான்கு கூறாக்குகிறார். நோயுற்றவன் ஒருவன், அதைத் தீர்க்கும் வைத்தியன் ஒருவன், மருந்து மூன்றாவது, நான்காவதாக உழைச்செல்வான் என்று ஒருவனை வைக்கிறார். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலே இருந்து, வைத்தியன் சொன்னதைப் பிழையின்றிச் செய்து முடிப்பவன் அவன். பரிமேலழகர் இதற்கு உரை எழுதுமிடத்து இந்நான்கு பேருக்கும் தனித்தனியே இலக்கணம் சொல்லுகிறார். உழைச்செல்வானுக்கு அவர் கேட்பவை, நோயாளியிடத்து அன்பு, மனத்திலும் சொல்லிலும் உடம்பிலும் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வல்லமை, அறிவு என்பன. வடமொழியிலே சரக சங்கிதையும் பணிவிடை செய்வோனுக்கு ஏறக்குறைய இவற்றையே விதிக்கின்றது. நாற்காலிக்கு நான்காவது காலை யாரும் "மற்றைய மூன்றுக்கும் உதவியாளர்" என்று சொல்வதில்லை. அது முறிந்தால் அதிலே இருக்கிறவர் விழுவார்.

வைத்திய உதவியாளர் என்ற பெயரோடு ஒரு தொழில் ஒழுங்காக வளர்ந்த இடம் அமெரிக்கா. அங்கே டாக்டர்மாரின் கிளினிக்குகளில் வேலை செய்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டே காலங்கழித்தார்கள். யாருக்கு என்ன தெரியும் என்பதற்கு அளவுகோல் இல்லை. 1955ஆம் ஆண்டில் கன்சாஸ் மாநிலத்திலே அவர்கள் கூடினார்கள். 1956இல் அமெரிக்க வைத்திய உதவியாளர் சங்கம் அமைந்தது. மக்சீன் வில்லியம்ஸ் என்ற அம்மையார் அதன் முதற் தலைவி. அந்தச் சங்கம் எடுத்த முக்கியமான முயற்சி என்ன தெரியுமா? எங்களுக்குப் பரீட்சை வையுங்கள் என்பது! சம்பளத்தை உயர்த்துங்கள் என்று சங்கம் கூடுவதை நாம் கண்டிருக்கிறோம்; எங்களைச் சோதித்துப் பாருங்கள் என்று கூடுவது அபூர்வம். 1963இல் முதற் பரீட்சை நடந்தது. அதில் சித்தியடைந்தவரே சான்றிதழ் பெற்ற வைத்திய உதவியாளர்.

அந்தச் சான்றிதழுக்குப் போகும் வழக்கமான வழி இது. பாடசாலைக் கல்வியை முடித்தபின், அங்கீகாரம் பெற்ற கல்லூரி ஒன்றில் ஓராண்டோ இரண்டாண்டோ படிக்க வேண்டும். உடற்கூறு, நோய்களின் பெயர்கள், ஊசி போடுதல், இரத்தம் எடுத்தல், இதயத்துடிப்பின் வரைபடம் எடுத்தல், பதிவேடு எழுதுதல், நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் சட்டம் எல்லாம் அதில் அடக்கம். அதன்பின் ஆகக்குறைந்தது 160 மணி நேரம் உண்மையான கிளினிக் ஒன்றிலே மேற்பார்வையின் கீழ் வேலை பழக வேண்டும். பின்னரே பரீட்சை. இருநூறு வினாக்கள், விடையெழுத 160 நிமிடம். சித்தியடைந்தாலும் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லாது. அறுபது மாதங்களுக்கு ஒருமுறை, தொடர்ந்து கற்றதைக் காட்டியோ, மறுபடி பரீட்சை எழுதியோ புதுப்பிக்க வேண்டும். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்து முன்விறாந்தையிலே தொங்கவிடுகின்ற எமக்கு இது சற்று விசித்திரமாகத் தோன்றும். ஆனால் ஐந்து வருடத்துக்கு முன் படித்த மருந்து இன்று கைவிடப்பட்டிருக்கலாம். புது மருந்து வந்திருக்கலாம். தாளிலே உள்ள மை காய்ந்தாற்போல அறிவும் காய்ந்துவிடும் என்று அவர்கள் கருதுகிறார்கள். அந்தக் கருத்தை நாம் மெச்சுகிறோம்.

இந்தச் சங்கம் அமெரிக்காவிலே தோன்றுவதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே, ஓர் அமெரிக்கர் எங்கள் யாழ்ப்பாணத்திலே அந்த வேலையைத் தொடங்கிவிட்டார் என்பதை இளைஞர் பலர் அறியார். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். 1822ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே பிறந்து, நியூயோர்க்கிலே வைத்தியம் படித்து, 1847இல் இங்கே வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயிலே வைத்தியசாலை அமைத்தவர். அவர் எங்கள் சமயத்தவரல்லர். தம் சமயத்தைப் பரப்பவே வந்தார். அதை அவர் ஒளித்ததுமில்லை. நாமும் அதை ஒளித்துப் பேச வேண்டியதில்லை. சைவத்தைக் காக்க எழுந்த ஆறுமுக நாவலர் பெருமான் பிறந்ததும் அதே 1822ஆம் ஆண்டிலேதான். இருவரும் எதிரெதிர்ப் பாசறைகளிலே நின்றார்கள். எனினும், அறிவைத் தமிழ் வசனத்தில், அச்சுப் புத்தகத்தில் சாதாரண மனிதனிடம் சேர்க்க வேண்டும் என்ற ஒரு விஷயத்திலே இருவரும் ஒரே தொழிலைத்தான் செய்தார்கள் என்பது எமது துணிபு. பெரியோர் சிலர் இதை ஏற்கமாட்டார்கள். விழா முடிந்தபின் வாதிப்போம்.

வந்த சில காலத்திலேயே கிறீன் வைத்தியர் ஓர் உண்மையைக் கண்டார். ஊர் ஊராக நோயாளிகள், வைத்தியரோ ஒருவர். எத்தனை பேரைத்தான் அவர் ஒருவராகப் பார்ப்பது? ஆகவே உள்ளூர் இளைஞர்களைச் சிறு சிறு வகுப்பாக எடுத்துப் பழக்கினார். மருந்து கலக்கவும், புண்ணைக் கழுவிக் கட்டவும், சத்திர சிகிச்சையிலே பக்கத்தில் நின்று உதவவும் அவர்கள் கற்றார்கள்; கற்றுத் தாமே வைத்தியர்களானார்கள். முதலிலே ஆங்கிலத்தில் கற்பித்தார். அதன் விளைவு என்ன? ஆங்கிலத்தில் படித்தவன் அரசாங்க உத்தியோகத்தைத் தேடி ஊரை விட்டுப் போனான். கிராமம் பழையபடி கிடந்தது. 1864ஆம் ஆண்டளவில் அவர் தமிழுக்கு மாறினார். தமிழிலே வைத்தியம் படித்தவன் தமிழ்க் கிராமத்திலே தங்குவான் என்பது அவர் போட்ட கணக்கு. மொத்தத்தில் அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வெளியேறினார்கள்.

தமிழிலே கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே! புத்தகம் எழுதச் சொற்கள் வேண்டுமே! 1857இல் பிரசவ வைத்தியம் வந்தது. 1867இல் இரணவைத்தியம். 1872இல் மனுஷ அங்காதிபாதம். 1875இல் கெமிஸ்தம். 1883இல் மனுஷ சுகரணம். எலும்புக்கும் நரம்புக்கும் நாளத்துக்கும் தமிழிலே பெயர் தேடி, இல்லாவிடில் வடமொழியிலே தேடி, அங்கும் இல்லாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு வளைத்து எடுத்துக்கொண்டார்கள். கெமிஸ்தம் என்ற பெயரே அதற்குச் சாட்சி. சப்மன், தான்வோர்த் என்று மிசன் வழக்கப்படி அமெரிக்கப் பெயர் சூட்டப்பட்ட தமிழ் மாணவர்கள் இந்த மொழிபெயர்ப்பு வேலையிலே அவருக்குக் கைகொடுத்தார்கள். 1873இல் உடல்நலங் குன்றித் தாய்நாடு திரும்பிய பின்னரும், 1884இல் இறக்கும்வரை, தமிழ் நூல்களின் வேலையை அவர் கைவிடவில்லை. மானிப்பாயிலே அவர் பெயரைத் தாங்கிய வைத்தியசாலை இன்றும் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு இப்படி ஒரு வழி. மலையகத்துக்கு வேறொரு வழி. கோப்பித் தோட்டங்களிலே எம்மவர் கூட்டங் கூட்டமாக மடிந்துகொண்டிருந்த காலத்தில், 1872ஆம் ஆண்டு அரசாங்கம் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தோட்டத்துத் தொழிலாளிக்கு மருந்து கொடுப்பது துரையின் தயவு என்றிருந்த நிலை மாறி, அது சட்டப்படியான பொறுப்பாயிற்று. அந்தப் பொறுப்பு நடைமுறையிலே யாருடைய தலையில் இறங்கியது? மருந்துச் சாலையிலே இருந்த ஒரு மனிதர்மேல். டிஸ்பென்சர் ஐயா என்று ஒரு காலத்திலும், தோட்ட வைத்திய உதவியாளர் என்று பிற்காலத்திலும் அவருக்குப் பெயர். லயத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் இடையே பல மைல் மலைப்பாதை. பிரசவமானாலும் பாம்புக்கடியானாலும் வயிற்றோட்டமானாலும் முதலிலே தட்டப்படுவது அவர் வீட்டுக் கதவுதான். காய்ச்சலிலே கிடக்கின்றவனுக்கு அன்றைக்கு வேலையிலிருந்து ஓய்வு உண்டா என்பதும் அவர் வாய்ச்சொல்லிலே தங்கியிருந்தது. ஒரு பக்கம் துரை, மறு பக்கம் தொழிலாளி. அந்த நடுவிடத்தில் நின்று, "இவனால் இன்று மலையேற முடியாது" என்று எழுதிக் கொடுப்பதற்கு மருந்தறிவு மட்டும் போதாது.

அரசாங்கத்தின் அப்போதிக்கரிமாரைப் பெரியோர்கள் கண்டிருப்பீர்கள். 1870இல் கொழும்பிலே வைத்தியக் கல்லூரி தொடங்கிய பிற்பாடு, டாக்டர்மாரோடு கூடவே இந்த வகுப்பாரும் பயிற்றப்பட்டார்கள். கிராமத்து டிஸ்பென்சரி அவர்கள் கையிலேதான் இருந்தது. நாங்கள் வீட்டிலிருந்து கழுவிய போத்தலைக் கொண்டுபோவோம். அதிலே மிக்ஸரை ஊற்றி, அளவுக்கு அடையாளமாக வெட்டிய கடதாசித் துண்டைப் போத்தலின் பக்கத்தில் ஒட்டித் தருவார். எழுத வாசிக்கத் தெரியாத ஆச்சியும் அந்தத் துண்டைப் பார்த்து ஒரு வேளை மருந்தை வார்த்துவிடுவாள். 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் தென்னிலங்கைக் கிராமங்களை வாரிக்கொண்டு போனபோது கொயினா கொடுத்துக் களைத்த கைகளிலே அவர்களுடைய கைகள் பல. பின்னாளிலே உதவி வைத்தியர் என்றும் பதிவு பெற்ற வைத்திய உத்தியோகத்தர் என்றும் பெயர் மாறினார்கள். போர்க் காலத்திலே வடக்கின் கிராமங்கள் பலவற்றுக்கு வைத்தியம் என்று இருந்தது இவர்களே. அந்த வகுப்புக்கு இப்பொழுது புதிதாக ஆள் எடுப்பதில்லை. தகப்பன்மார் சிலர் இன்னும் அதை நினைத்துக்கொண்டு மகனை அனுப்ப விரும்புகிறார்கள்; அந்தக் கதவு மூடிவிட்டது என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

இனி வேலையைப் பற்றிச் சொல்லுவோம். உழைச்செல்வானுடைய முதல் வேலை கேட்பது. டாக்டர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கக்கூடிய நிமிடங்கள் மிகச் சில. வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. அவருக்கு முன்னே நோயாளியின் வாயிலிருந்து வருகின்ற சொல்லைப் பிடித்து, அதன் பொருளைக் கெடுக்காமல் ஒப்படைக்க வேண்டியவர் இவர். எங்கள் தமிழிலே நோவுக்கு எத்தனை பெயர்! குத்துது என்றால் ஒன்று, உளையுது என்றால் வேறொன்று. எரியுது, கடுக்குது, விறைக்குது, இழுக்குது, பிடிக்குது, நெஞ்சை அடைக்குது ஒவ்வொன்றும் உடம்பின் வெவ்வேறு வாசலைத் தட்டுகிறது. நாரி உளையுது என்று யாழ்ப்பாணத்து ஆச்சி சொன்னால் மலையகத்துப் பிள்ளைக்கு விளங்காது. அங்கே அது இடுப்பு வலி. சத்தி என்றால் வாந்தி என்பதை மட்டக்களப்பிலே கேட்க வேண்டியதில்லை. சிங்களம் பேசும் டாக்டருக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும். இந்த நாட்டிலே டாக்டரின் மொழி ஒன்றாகவும் நோயாளியின் மொழி வேறாகவும் இருப்பது அன்றாடக் காட்சி. "வயித்துவலியாம்" என்று ஒரு சொல்லிலே முடித்துவிடுகின்ற உதவியாளரால், பின்பக்கமாக இழுத்து வலதுபக்கம் இறங்கின நோவு ஒன்று காணாமற் போய்விடுகிறது.

வாய்வு என்ற சொல்லைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எங்கள் கிழவர்களுக்கு நெஞ்சிலே எது வந்தாலும் வாய்வுதான். ஓமத் தண்ணீரும் உள்ளிப் பாலும் குடித்துவிட்டு, விடியட்டும் என்று படுத்துவிடுவார்கள். அவர்களிற் சிலருக்கு விடிவதில்லை. "வாய்வுக் குத்துத் தம்பி, ஒன்றுமில்லை" என்று சொல்லுகின்ற மனிதருடைய நெற்றி வியர்த்திருக்கிறதா, இடது கை உளைகிறதா, தாடை பிடிக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை, வரிசையிலே அவர் முறை வரும்வரை காத்திராமல் உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்து, இதய வரைபடம் எடுக்க ஏற்பாடு செய்து, டாக்டரை அழைத்துவிடும். அங்கே ஓர் உயிர் நிற்கிறது. அந்த மனிதரின் வீட்டாருக்கு அந்தப் பிள்ளையின் பெயர்கூடத் தெரியாமற் போகலாம்.

சிறிய விஷயங்களையும் சொல்லிவிடுகிறோம். பெயரைக் கேட்கும்போது, "நீங்கள் இராசம்மாவோ?" என்று கேட்கக்கூடாது. காது மந்தமான கிழவி எதற்கும் "ஓம்" என்றுதான் தலையாட்டுவாள். "உங்கள் பெயரென்ன, அம்மா?" என்று கேட்டு, பிறந்த தேதியையோ அட்டை இலக்கத்தையோ ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு வார்ட்டிலே இரண்டு இராசம்மாக்கள் இருப்பது புதினமல்ல. இரத்த அழுத்தம் பார்க்கும்போது, மாடிப்படியேறி வந்தவரை உடனே பார்த்து எழுதிவிடக்கூடாது. ஐந்து நிமிடம் அமைதியாக இருத்த வேண்டும். கை இதயத்தின் மட்டத்திலே இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டியைச் சுற்றினால் இல்லாத அழுத்தத்தைக் கருவி காட்டும். அந்தப் பொய் இலக்கத்தை நம்பி ஒருவர் ஆண்டுக்கணக்கில் குளிசை விழுங்க நேரும். கை கழுவுவதைப் பற்றிச் சைவர்களுக்கு நாம் சொல்ல வேண்டுமோ என்று நினைக்கலாம். வேண்டும். ஆசாரத்துக்குக் கழுவுவது வேறு. ஒரு நோயாளியைத் தொட்டபின் அடுத்தவரைத் தொடுமுன், விரலிடுக்கும் நகக்கண்ணும் படச் சவர்க்காரமிட்டுக் கழுவுவது வேறு. நாற்பதாவது நோயாளியிடமும் முதல் நோயாளியிடம் கழுவியதுபோலவே கழுவுகின்றவரைத்தான் பரிமேலழகர் தூய்மையுடையவர் என்று ஏற்றுக்கொள்வார்.

எல்லையும் தெரிய வேண்டும். ஊரிலே பத்து வருடம் டாக்டர் ஒருவரின் பக்கத்தில் நின்றவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர் வந்துவிடும். அதன்பின் மாலையிலே அவர் வீட்டு வாசலிலும் ஒரு வரிசை. தடிமனுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, உளைவுக்கும் ஊசி. நோய் என்னவென்று தீர்மானிப்பது அவருக்குக் கற்பிக்கப்படாத வித்தை. அமெரிக்கச் சான்றிதழ் பெற்றவருக்கும் அந்த அதிகாரம் இல்லை. அவர் டாக்டரின் கட்டளைக்குள் நின்றே ஊசி போடுகிறார். சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வல்லமை என்று உரைகாரர் எழுதியதிலே, சொல்லாததைச் செய்யாதிருக்கும் வல்லமையும் அடங்கும் என்று நாம் பொருள்கொள்ளுகிறோம்.

எங்களை இந்த மேடைக்கு உண்மையில் இழுத்துவந்த விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறோம். எமக்குத் தெரிந்த ஒரு வீட்டுப் பிள்ளை. தாய் நகையை அடைவு வைத்தார். பட்டணத்திலே ஒரு நிறுவனம், பெயர் சொல்லவில்லை. ஆறு மாதத்திலே வைத்திய உதவியாளர் டிப்ளோமா, வெளிநாட்டு முத்திரை, வேலை நிச்சயம் என்று விளம்பரம். வகுப்பிலே படங்களைத் திரையில் காட்டினார்கள். ஒரு நாளாவது நோயாளி ஒருவரின் நாடியைப் பிடித்துப் பார்த்ததில்லை. பட்டமளிப்பு விழா மட்டும் ஹோட்டலிலே, கறுப்பு அங்கியோடு, வெகு சிறப்பாக நடந்தது. அந்தத் தாளைக் கொண்டு பிள்ளை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் திரிந்தது. யாரும் அதைக் கையிலெடுத்துப் பார்க்கவில்லை. நகை இன்னும் மீளவில்லை.

பணம் கட்டுமுன் சில கேள்விகளை வாய்விட்டுக் கேளுங்கள். நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிலே பதிவு பெற்றதா? அந்த ஆணைக்குழு 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்தது. அவர்கள் "ஓம், பதிவு உண்டு" என்று சொன்னதும் எழுந்து வந்துவிடாதீர்கள். நிறுவனத்துக்குப் பதிவு இருப்பது ஒன்று. நீங்கள் படிக்கப்போகும் அந்தக் கற்கைநெறிக்கு அங்கீகாரம் இருப்பது இன்னொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைப்பதிலே சிலர் கைதேர்ந்தவர்கள். முடிவிலே கிடைப்பது தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழா, எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். எந்த ஆஸ்பத்திரியிலே, யாருடைய மேற்பார்வையிலே, எத்தனை மணி நேரப் பயிற்சி என்று கேட்டு எழுத்திலே வாங்குங்கள். இந்தக் கேள்விக்குத் தடுமாறுகின்ற இடத்தை விட்டு வந்துவிடலாம். அமெரிக்காவுக்குப் போய் வைத்திய உதவியாளராக வேலை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், நாம் முன் சொன்ன அந்தப் பரீட்சைக்குரிய படிப்பு வழக்கமாக அவர்களுடைய அங்கீகாரம் பெற்ற இடத்திலே படிப்பது என்பதை நினைவில் வையுங்கள். பெயர் ஒன்றாயிருப்பதனாலே தாள் ஒன்றாகிவிடாது.

இந்த நாட்டிலே சட்டம் ஏற்றுக்கொண்ட பாதைகளும் இருக்கின்றன. மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், கதிர்ப்படம் எடுப்போர், குடும்பநல மருத்துவிச்சி ஆகியோரை இலங்கை மருத்துவ சபை பதிவுசெய்கிறது. தாதியருக்குத் தனிச் சபை உண்டு. அரசாங்கப் பயிற்சிகளுக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வர்த்தமானியிலே வெளிவரும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வருவது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை மறவாத நாம், அன்றைக்கு அதையும் ஒரு தரம் புரட்டுவதிலே குற்றமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே தாதியியல், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியவற்றுக்குப் பட்டப்படிப்பே உண்டு. இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்குப் போதாத பிள்ளை பலருக்கு இவை எட்டக்கூடியவை. "நேர்ஸ் வேலையா, ஆண்பிள்ளைக்கா?" என்று மூக்கைச் சுருக்குகின்ற மாமாமாரை இந்தச் சபையிலேயே காண்கிறோம். அவர்கள் நோயிற் கிடக்கும்போது தூக்கி இருத்தப் பலமான ஆண் கைகளைத்தான் தேடுவார்கள்.

பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இரவு வேலை என்று அஞ்சுகிறீர்கள். அச்சம் நியாயமானது. வார்ட்டிலே தனியே விடப்படுகிறார்களா, போய்வர வாகனம் உண்டா, தங்குமிடம் எங்கே என்று விசாரியுங்கள். விசாரித்தபின் நியாயமான மறுமொழி கிடைத்தால் அனுப்புங்கள். பிரசவ வார்ட்டிலே உங்கள் மகளுக்குப் பெண் உதவியாளர் வேண்டும் என்று கேட்கிறீர்களே, அந்தப் பெண் யாரோ ஒருவருடைய மகள்தானே.

நாம் பேசுவதோடு நின்றுவிடாமல் சங்கச் செயற்குழு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. ஓய்வுபெற்ற தாதி ஒருவரும், பதிவு பெற்ற வைத்திய உத்தியோகத்தராயிருந்து இளைப்பாறிய ஒருவரும், ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் பின்னர் எங்கள் வாசிகசாலையிலே இருப்பார்கள். ஏதாவது நிறுவனத்தின் விளம்பரமோ விண்ணப்பமோ கையில் இருந்தால், பணம் கட்டுமுன் கொண்டுவாருங்கள், வாசித்துச் சொல்லுவார்கள். மாதா மாதம் வந்த வர்த்தமானியில் இத்துறை பற்றிய பகுதிகளை வெட்டி அங்கே ஒட்டிவைக்கவும் வாலிபர் இருவர் பொறுப்பேற்றிருக்கின்றனர். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை அன்பர் ஒருவர் அன்பளிப்புச் செய்துள்ளார். பருத்த கைக்குரிய பெரிய பட்டி அதனோடு இல்லை. அதை வாங்கித்தர யாராவது முன்வந்தால் பொருளாளரிடம் சொல்லுங்கள்.